‘நான்-கான்ஃபரன்ஸ் ஆட்டம்தானே’ என்று போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் நவம்பர் பிறந்தால் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து தொடங்கிவிடும். முதல் இரண்டு மாதங்கள் பெரும்பாலும் நான்-கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள்தான், அதாவது தன் கூட்டமைப்புக்கு வெளியே இருக்கும் அணிகளோடு ஆடுபவை. டிக்கெட் விலை கையைக் கடிக்காது, நல்ல இடமும் கிடைக்கும். அதனால் அங்கே இருக்கும் நம்மவர்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு முதல்முறை போவது அநேகமாக இப்படி ஓர் ஆட்டத்துக்குத்தான். போய் வந்தவர்கள் சொல்வதைக் கேட்கும்போது, ஆட்டத்தைப் பார்த்தார்களே தவிர என்ன நடந்தது என்பதைத் தவறவிட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

கான்ஃபரன்ஸ் என்பது கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு. எஸ்இசி, பிக் டென், ஏசிசி, பிக் ஈஸ்ட் என்று பல உண்டு. உள்ளே இருக்கும் அணிகள் எப்போது மோத வேண்டும் என்பதைக் கூட்டமைப்பே முடிவு செய்துவிடும். வெளி அணியோடு ஆடுவது மட்டும் இரண்டு கல்லூரிகளும் பேசி வைத்துக்கொள்வது. கிட்டத்தட்ட சம்பந்தம் பேசுகிற மாதிரிதான்: இந்த வருஷம் யார் ஊரில், அடுத்த வருஷம் யார் வருவது, வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது. பெரிய கல்லூரி சின்னக் கல்லூரிக்குப் பணம் கொடுத்துத் தன் ஊருக்கு அழைப்பதும் இதில் சேர்த்தி.

இதைக் கேட்டதும் பலர் செய்யும் தவறு, “அப்போ இது பயிற்சி ஆட்டம் மாதிரி” என்று முடிவு கட்டிவிடுவது. பயிற்சி ஆட்டம் வேறு. அதற்கு எக்ஸிபிஷன் என்று பெயர். வெற்றி தோல்விக் கணக்கில் வராது. 2023 அக்டோபரில் அயோவா அணி தன் அமெரிக்கக் கால்பந்து மைதானமான கின்னிக் ஸ்டேடியத்தில், திறந்த வெளியில் டீபால் அணியோடு ஆடியது. பார்க்க வந்தவர்கள் 55,646 பேர். அயோவாவின் நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் 34 புள்ளிகள் எடுத்தார். அத்தனை கூட்டம் வந்தும் அது எக்ஸிபிஷன்தான், கணக்கில் இல்லை. அடுத்த மாதம் அரைகுறைக் கூட்டத்துக்கு முன் நடக்கும் நான்-கான்ஃபரன்ஸ் ஆட்டமோ கணக்கில் உண்டு.

எவ்வளவு உண்டு என்பது மார்ச்சில் தெரியும். தேசியப் போட்டிக்கு 68 அணிகள். தன் கூட்டமைப்பின் தொடரில் வென்ற அணிக்கு நேரடியாக இடம். மீதி இடங்களுக்கு ஒரு குழு உட்கார்ந்து தேர்வு செய்யும். கூட்டமைப்புக்குள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வதை வைத்து வெளியே இருப்பவர்களோடு எப்படி ஒப்பிடுவது? வெளி அணிகளோடு ஆடியதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று வருகிறது: ஆட்டம் எங்கே நடக்கிறது என்பது. குழுவின் கையில் நெட் என்றொரு தரவரிசை இருக்கும். பெண்கள் பிரிவில் 2020–21 முதல் இதுதான். அதை வைத்து ஆட்டங்களை நான்கு கட்டங்களாகப் பிரிப்பார்கள்; முதல் கட்ட வெற்றிக்குத்தான் மதிப்பு அதிகம். முதல் கட்டத்தில் ஒரு வெற்றி சேர வேண்டுமானால், சொந்த ஊரில் நீங்கள் தோற்கடித்த எதிரணி அந்தத் தரவரிசையில் முதல் 25க்குள் இருக்க வேண்டும். பொது இடத்தில் என்றால் 35. எதிராளியின் ஊருக்கே போய் வென்றால் 45 வரை போதும். அதாவது 40ஆம் இடத்தில் இருக்கும் அணியை வீட்டில் வென்றால் அது இரண்டாம் கட்டம்; பஸ் ஏறிப் போய் அவர்கள் அரங்கத்தில் அவர்கள் கூச்சலுக்கு நடுவே வென்றால் முதல் கட்டம். எதிராளி அதே அணிதான். எனவே ‘யாரோடு’ என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள்.

யாரோடு என்பதிலும் பழைய நினைப்பு காலை வாரும். 2024இல் கூட்டமைப்புகள் தலைகீழாக மாறின. கலிஃபோர்னியா மாநிலத்து அணிகளில் யூசிஎல்ஏவும் யூஎஸ்சியும் பிக் டென்னுக்குப் போய்விட்டன, ஸ்டான்ஃபோர்டு ஏசிசிக்கு. ஒரே மாநிலத்தில் பல காலம் பங்காளிகளாக இருந்த ஸ்டான்ஃபோர்டும் யூசிஎல்ஏவும் இன்று மோதினால் அது நான்-கான்ஃபரன்ஸ். நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு யூசிஎல்ஏ பறந்து போய் மேரிலாந்தோடு ஆடினால் அது கூட்டமைப்பு ஆட்டம்! வரைபடத்தைப் பார்த்துக் கணிக்கிற காலம் போயாச்சு.

அப்புறம், அணியின் பெயருக்கு முன்னால் இருக்கும் எண். அது ஏபி செய்தி நிறுவனத்துக்காகப் பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் தரவரிசைப் பட்டியல். நவம்பரில் அது பெரும்பாலும் போன வருஷத்து நினைவுதான். 2023இல் நடப்புச் சாம்பியனான லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் (எல்எஸ்யூ), முதலிடம் என்ற பட்டத்தோடு சீசனின் முதல் ஆட்டத்துக்கு லாஸ் வேகஸ் போனது. 20ஆம் இடத்தில் இருந்த கொலராடோ 92–78 என்று அனுப்பி வைத்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் சவுத் கரோலைனா தொடர்ந்து 43 ஆட்டங்கள் வென்ற பெருமையோடு லாஸ் ஏஞ்சலிஸ் போய் யூசிஎல்ஏவிடம் 77–62 என்று தோற்றது.

அதே கையோடு இன்னொரு தவறும் நடக்கும்: தோற்றதும் “இந்த வருஷம் அவ்வளவுதான்” என்பது. யூகான் என்கிற கனெக்டிகட் பல்கலைக்கழக அணியின் 2024–25 சீசனைப் பாருங்கள். மொத்தம் மூன்று தோல்வி: நோட்டர் டாம், யூஎஸ்சி, டென்னசி. மூன்றுமே நான்-கான்ஃபரன்ஸ். டென்னசியிடம் தோற்றது பிப்ரவரி 6, 80–76. பத்தே நாளில் சவுத் கரோலைனாவின் ஊருக்குப் போய், 71 ஆட்டங்களாக அங்கே தோற்காதவர்களை 87–58 என்று வென்றார்கள். ஏப்ரலில் இறுதி ஆட்டத்தில் அதே சவுத் கரோலைனாவை 82–59 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்கள். என்னைக் கேட்டால், சுலபமான அணிகளைக் கூப்பிட்டு வைத்துக் கொண்டு டிசம்பர் வரை தோற்காமல் இருக்கும் அணியைவிட இப்படி ஊர் ஊராகப் போய் உதை வாங்கி வரும் அணியைத்தான் நம்புவேன்.

என்பிஏ என்ற ஆண்கள் தொழில்முறை லீக்கைப் பார்த்த பழக்கத்தோடு போகிறவர்கள் விதிகளிலும் தடுமாறுவார்கள். பெண்கள் கல்லூரி ஆட்டம் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு. 2015–16இல் வந்த மாற்றம் இது. கல்லூரி ஆண்கள் ஆட்டம் இரண்டு பாதிகள். பலகையில் அணியின் ஃபவுல் எண்ணிக்கை நான்கைத் தொட்டால் நிமிர்ந்து உட்காருங்கள். ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடையில் எறியும் வாய்ப்பு. அடுத்த கால்பகுதி தொடங்கினால் கணக்கு மறுபடி பூஜ்யம். அதனால் மூன்றாம் கால்பகுதி முடிய ஒரு நிமிடம் இருக்கையில் முரட்டுத்தனமாகத் தடுத்துக் கொண்டிருந்த அணி, நான்காவதில் ஐந்தாவது ஃபவுல் வரும் வரை அதே தடுப்பை இந்தத் தண்டனை இல்லாமல் தொடர முடியும். ஒரு வீராங்கனைக்கு ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. ஆறு என்று எண்ணிக்கொண்டு நடுவரைத் திட்டாதீர்கள். ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பயிற்சியாளர் கோபத்தில் செய்கிறார் என்றும் நினைக்க வேண்டாம். டென்னசியில் பயிற்சியாளர் கிம் கால்டுவெல் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்: முழு மைதானத்திலும் விரட்டித் தடுக்க வேண்டும், அதற்குப் புது மூச்சு வேண்டும்.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி ஆன்லைனில் பார்ப்பதாக இருந்தால் நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். கிழக்குப் பகுதி நேரம் இரவு 7 மணி என்றால், நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு, இந்தியாவில் மறுநாள் காலை 5.30.

கடைசியாகப் பை. பல அரங்கங்களில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையைத்தான் விடுவார்கள். நான் ஒருமுறை முறுக்கும் தண்ணீர் பாட்டிலும் திணித்த துணிப்பையோடு வாசலில் நின்று, திரும்பக் கார் வரை நடந்து, வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது முதல் கால்பகுதியில் மூன்று நிமிடம்தான் மிச்சம். மகள் மட்டும் முன்னாலேயே உள்ளே போய்விட்டாள். “அப்பா, ஏற்கெனவே நாலு ஃபவுல்” என்றாள்.