எக்கோ டாட் செட்டப்: செருகுவது முதல் 'லைட் ஆன்' வரை

எக்கோ டாட் என்பது அமேசானின் சின்ன ஸ்பீக்கர். 'அலெக்சா' என்று கூப்பிட்டுக் கட்டளை சொன்னால், அதற்குள் இருக்கும் அலெக்சா என்ற குரல் உதவியாளர் பதில் தரும். ஸ்பீக்கரைப் பிளக்கில் செருகுவதில் யாருக்கும் சிரமம் இல்லை. அமேசான் கணக்கிலும் வைஃபையிலும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதையும் தாண்டி வந்தவர்கள், லைட்டுக்கும் ஃபேனுக்கும் வைத்த பெயரில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆப்பை இறக்குவது, கணக்கு திறப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. மாட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் விரிவாகப் பார்ப்போம்.

இது எக்கோ டாட் 3, 4, 5-ஆம் தலைமுறைகளுக்கான குறிப்பு. கூகுளின் ஸ்பீக்கரான நெஸ்ட் மினி வைத்திருப்பவர்களுக்கும் வைஃபை பகுதி பொருந்தும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போனில் கூகுள் அசிஸ்டன்ட் தமிழ் பேசுகிறதே என்று நம்பி ஸ்பீக்கர் வாங்காதீர்கள். எக்கோ, நெஸ்ட் இரண்டுக்குமே இங்கே ஆங்கிலமும் இந்தியும்தான். எக்கோவிடம் தமிழில் வேலை வாங்க ஒரு குறுக்கு வழி உண்டு, கீழே வருகிறது.

1. எந்தக் கணக்கு?

அமேசான் டாட் இன் கணக்கில்தான் பதிய வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கிக்கொடுத்த எக்கோவில் இங்கேதான் முதல் தகராறு. ஆர்டர் செய்யும்போது 'இது பரிசு' என்று குறிக்காவிட்டால், பெட்டியிலேயே அது வாங்கியவர் கணக்கோடு பிணைந்து வரும். நீங்கள் என்ன செய்தாலும் 'வேறு கணக்கில் பதிவாகியிருக்கிறது' என்றே சொல்லும். வாங்கியவர் தன் கணக்கில் அந்தச் சாதனத்தை 'டீரிஜிஸ்டர்' செய்தால்தான், அதாவது பதிவை நீக்கினால்தான், தீரும். உங்கள் பக்கத்திலிருந்து ரீசெட் செய்து பார்ப்பது வீண்.

அமெரிக்காவில் வாங்கியதென்றால் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நம் ஊர் சாக்கெட்டில் செருக ஒரு கன்வெர்ட்டர் பின் மட்டும் போதும். அடாப்டர் தொலைந்துவிட்டால் கையில் கிடைத்த செட்டாப் பாக்ஸ் அடாப்டரைச் செருகாதீர்கள். டாட்டுக்கு 15 வாட், அதாவது 12 வோல்ட், 1.25 ஆம்பியர் தேவை. ஆம்பியர் குறைந்தால், பாட்டுச் சத்தத்தைக் கூட்டும்போது அணைந்து மறுபடி துவங்கும்.

2. எங்கே வைப்பது?

சுவரிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் 20 செ.மீ. தள்ளி. டிவிக்குப் பக்கத்தில் வேண்டாம், விளம்பரத்தில் வரும் குரலுக்கெல்லாம் விழித்துக்கொள்ளும். ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் வைத்தால் வைஃபை தடுமாறும். அடுப்புக்கு அருகே எண்ணெய்ப் பிசுக்கு மைக் துளைகளை அடைக்கும். ஃபேன் காற்று நேராக அடிக்கும் இடத்தில் உங்கள் குரல் அதற்குச் சரியாகக் கேட்காது.

3. ஆப்பில் சேர்ப்பது

செருகியதும் முதலில் நீல ஒளி, சற்று நேரத்தில் ஆரஞ்சு. 3-ஆம் தலைமுறையில் ஒளி வளையம் மேலே இருக்கும், 4, 5-இல் அடியில். ஆரஞ்சு சுழன்றால் செட்டப்புக்குத் தயார் என்று பொருள். வரவில்லையென்றால் புள்ளி போட்ட பட்டனைச் சுமார் 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஆரஞ்சு வந்ததும் விட்டுவிட வேண்டும். 20, 25 விநாடி பிடித்துக்கொண்டே இருந்தால் பழைய பதிவு எல்லாம் அழிந்து புதுசுபோல ஆகிவிடும்.

போனில் புளூடூத்தும் லொகேஷனும் ஆன் செய்து, அலெக்சா ஆப்புக்கு அனுமதியும் கொடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் 'நியர்பை டிவைசஸ்' என்று தனி அனுமதி ஒன்று இருக்கிறது. அதை மறுத்திருந்தால் ஆப் தேடிக்கொண்டே இருக்குமே தவிர எதையும் கண்டுபிடிக்காது. விபிஎன், விளம்பரத் தடுப்பான் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்: புளூடூத் வழியாகச் சேராதபோது எக்கோ தானே ஒரு தற்காலிக வைஃபையை உருவாக்கும். 'அமேசான்' என்று தொடங்கும் பெயர். போன் அதில் சேர்ந்ததும், 'இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை' என்று கண்டுகொண்டு, உங்களிடம் கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆப் எக்கோவைத் தேடும், போன் வேறு பாதையில் நிற்கும். அதனால் செட்டப் முடியும்வரை மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். 'இன்டர்நெட் இல்லை, தொடர்ந்து இணைந்திருக்கவா?' என்று போன் கேட்டால் 'ஆம்' சொல்லுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை தடவை ரீசெட் செய்தாலும் அதே பிழைதான் வரும்.

வைஃபை பாஸ்வேர்டை அடிக்கும்போது கண் சின்னத்தைத் தட்டி எழுத்துகளைப் பார்த்து அடியுங்கள். சில கீபோர்டுகள் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிடும். ஹாஸ்டல், ஹோட்டல்போல பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து லாகின் கேட்கும் வைஃபையில் எக்கோவைச் சேர்ப்பது பெரும் இழுபறி. போன் ஹாட்ஸ்பாட் தேவலை.

மொழி கேட்கும்போது 'இங்கிலீஷ் இந்தியா' தேர்ந்தெடுங்கள். நம் உச்சரிப்புக்கு அமெரிக்க ஆங்கிலத்தைவிட இது மேல். ஆங்கிலமும் இந்தியும் கலந்த விருப்பமும் இருக்கிறது. வீட்டில் யாரும் இந்தி பேசாவிட்டால் அது வேண்டாம். நீங்கள் சொல்லும் தமிழ்ச் சொல்லை இந்தியாக எடுத்துக்கொள்ள அதற்கு இன்னொரு வழி திறந்துவிட்டதுபோல ஆகும்.

4. பல்பும் பிளக்கும்: 2.4-ஆ, 5-ஆ?

வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு, எக்கோ இரண்டிலும் வேலை செய்யும். கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்மார்ட் பல்பும் பிளக்கும் 2.4-இல் மட்டும்தான். இப்போதைய ஃபைபர் ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்துவிடுகின்றன. போன் 5-இல் நிற்க, பல்பு 2.4-இல் தேட, ஆப் 99 சதவீதத்தில் தொங்கும்.

பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். பல ரவுட்டர்களுக்கு முகவரி 192.168.1.1, ஜியோஃபைபருக்கு 192.168.29.1. வயர்லெஸ் பகுதியில் 2.4-க்கு வேறு பெயர் கொடுங்கள், 'வீடு24' என்பதுபோல. பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 என்று வையுங்கள், டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் மலிவு பல்புகள் பல சேராது. பிறகு போனையும் அந்த 2.4 பெயரிலேயே சேர்த்து, முதலில் பல்பின் சொந்த ஆப்பில் இணைத்து, அப்புறம் அலெக்சா ஆப்பில் அதன் 'ஸ்கில்'லை, அதாவது அந்த பல்பு கம்பெனியை அலெக்சாவோடு இணைக்கும் துணை நிரலை, சேர்க்க வேண்டும். வரிசை முக்கியம். பல்பின் ஆப்பிலேயே ஓடாதது அலெக்சாவில் ஓடாது.

விருந்தாளிகளுக்கென்று ரவுட்டரில் தனியாக வைக்கும் கெஸ்ட் வைஃபையில் பல்புகளைப் போட்டுவைப்பது பாதுகாப்பானதுதான். ஆனால் பல ரவுட்டர்களில் அங்கே கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். அப்படியானால் போனும் அதே கெஸ்ட்டில் இருந்தாலும் செட்டப் தோற்கலாம்.

5. பெயர் வைப்பது

'ஸ்மார்ட் பிளக் 16A வைஃபை' என்று கடைக்காரர் வைத்த பெயரை அப்படியே விட்டால் யார் வாயில் நுழையும்? வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே சொல்லும் பெயரே சிறந்தது: ஹால் லைட், கிச்சன் லைட், பெட்ரூம் ஃபேன். லைட் ஒன்று, லைட் இரண்டு என்று எண் போடாதீர்கள், ஒரு வாரத்தில் எது எது என்று உங்களுக்கே மறந்துவிடும். அறைக் குழுவுக்கும் ஒரு பல்புக்கும் ஒரே பெயர் வைத்தால், எதைச் சொல்கிறீர்கள் என்று அது திருப்பிக் கேட்கும்.

இதைவிட உருப்படியான வேலை ஒன்று உண்டு. ஆப்பில் 'ஹால்' என்று குழு உருவாக்கி, ஹால் லைட்டோடு அந்த அறையில் இருக்கும் எக்கோவையும் அதே குழுவில் சேருங்கள். இனி அந்த அறையில் நின்று 'அலெக்சா, லைட் ஆன்' என்றால் போதும், பெயர் சொல்லத் தேவையில்லை. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். பல்பு ஸ்மார்ட் பிளக்கிலோ சுவிட்சிலோ ஓடுகிறதென்றால், அலெக்சா ஆப்பில் அந்தச் சாதனத்தின் அமைப்புக்குள் போய் 'டைப்' என்ற இடத்தில் 'லைட்' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அது பிளக்காகவே கிடக்கும், 'லைட் ஆன்' அதைத் தொடாது.

6. தமிழில் கட்டளை

அலெக்சாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கேட்ட ஒலியை ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லாக எழுதிவைத்துக்கொள்ளும். அதைப் பிடித்துக்கொள்வதுதான் உத்தி.

'அலெக்சா, விளக்கு போடு' என்று சொல்லுங்கள். புரியவில்லை என்று சொல்லும், சொல்லட்டும். உடனே அலெக்சா ஆப்பின் 'மோர்' மெனுவில் 'ஆக்டிவிட்டி', அதற்குள் 'வாய்ஸ் ஹிஸ்டரி'. மெனுவின் இடம் பதிப்புக்குப் பதிப்பு நகரும், தேடிப் பிடியுங்கள். நீங்கள் சொன்னதை அது எப்படி எழுதியிருக்கிறதென்று அங்கே தெரியும். அந்த எழுத்தை மாற்றாமல் அப்படியே நகலெடுங்கள். நமக்குச் சரியாகப் படும் ஆங்கில எழுத்தில் அடித்தால் வேலை செய்யாது, அது எழுதிய கோணலான எழுத்துதான் வேண்டும்.

பிறகு அதே ஆப்பில் 'ரொட்டீன்ஸ்' (இதைச் சொன்னால் இதைச் செய் என்று நாமே அமைக்கும் இடம்), புதிது, 'நான் சொல்லும்போது' என்ற விருப்பம், அங்கே ஒட்டுங்கள். செயலாக ஹால் லைட் ஆன். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், ஒவ்வொரு குரலுக்கும் எழுத்து கொஞ்சம் மாறும். வந்த வடிவங்களையெல்லாம் அதே ரொட்டீனில் கூடுதல் வாக்கியங்களாகச் சேர்க்கலாம். 'போடு', 'அணை' போன்ற ஒற்றைச் சொல் கட்டளை நிற்காது. இரண்டு சொல்லாக, ஒன்றுக்கொன்று ஒலியில் நன்றாக வேறுபடும்படி வையுங்கள்.

தமிழ்ப் பாட்டுக்கும் இதே கதைதான். பாட்டின் முதல் வரியைச் சொல்லிக் கேட்டால் எங்கோ போய் நிற்கும். ஜியோசாவனிலோ ஸ்பாட்டிஃபையிலோ எளிய ஆங்கிலப் பெயரில், 'மார்னிங்' என்பதுபோல, ஒரு பிளேலிஸ்ட் செய்து அதைக் கேளுங்கள். அந்தச் சேவையை அலெக்சா ஆப்பில் 'டிஃபால்ட்' ஆக்க, அதாவது பாட்டென்றால் முதலில் அங்கே தேடும்படி வைக்க, மறக்காதீர்கள்.

7. எந்தப் பிளக்கில் எதைச் செருகலாம்?

230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1380 வாட். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் என்றால் 13. ஆகவே கீசருக்கு 16 ஆம்பியர் பிளக், அதுவும் பவர் சாக்கெட்டில் மட்டும். மாற்றி அடாப்டர் போட்டுச் சின்ன சாக்கெட்டில் செருகினால் சாக்கெட் உருகும்.

தண்ணீர் மோட்டாரை ஸ்மார்ட் பிளக்கில் போடவே கூடாது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது குறைவாகத்தான் இழுக்கும், ஆனால் துவங்கும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. பிளக்குக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறிய ரிலே ஒட்டிக்கொண்டால் 'ஆஃப்' என்றாலும் மோட்டார் நிற்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பெரிய மின்சுமையைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டர் வைக்கச் சொல்லுங்கள். ஏசியையும் பிளக்கில் கட்டுப்படுத்தாதீர்கள். அதற்கு ரிமோட் கட்டளையை அனுப்பும் ஐஆர் பிளாஸ்டர்தான் சரி. அந்தக் கதிர் சுவரைத் தாண்டாது, அறைக்கு ஒன்று வேண்டும்.

ஸ்மார்ட் பல்பைவிட, சாதாரண பல்பை ஸ்மார்ட்டாக்க சுவிட்ச் போர்டுக்குள் பொருத்தும் மாட்யூல்தான் என் விருப்பம். ஸ்மார்ட் பல்பு போட்ட வீட்டில் யாராவது பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள், அப்புறம் 'டிவைஸ் பதில் தரவில்லை' என்று அலெக்சா புலம்பும். மாட்யூலுக்கு நியூட்ரல் வயர் வேண்டும். நம் ஊர் போர்டில் மூன்று பின் சாக்கெட் இருந்தால் நியூட்ரலும் அங்கேயே இருக்கும்.

பின்னர் சேர்த்தவை

*கரண்ட் போய் நள்ளிரவில் வந்ததும் எல்லா லைட்டும் எரிகிறது என்று கேட்டவர்களுக்கு:* அது அலெக்சாவின் வேலை அல்ல. பல்பின் சொந்த ஆப்பில், கரண்ட் திரும்பும்போது எந்த நிலை என்ற அமைப்பு இருக்கும். 'முன்பிருந்த நிலை' என்று மாற்றுங்கள்.

*இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனால் அலெக்சா பேசவில்லை:* எக்கோ மட்டும் இன்வெர்ட்டரில் இருந்தால் போதாது, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் ஓட வேண்டும். மினி யுபிஎஸ் வாங்கும்போது ரவுட்டர் அடாப்டரில் உள்ள வோல்ட் அளவு அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

*ஒட்டுக்கேட்குமா என்ற கேள்வி:* மைக் பட்டனை அழுத்தினால் சிவப்பு ஒளி, அப்போது கேட்காது. குரல் பதிவுகளை 'அலெக்சா பிரைவசி' பகுதியில் 3 மாதத்தில் தானாக அழியும்படி வைக்கலாம். பதிவே வேண்டாம் என்றும் வைக்கலாம், ஆனால் ரொட்டீன்களைச் சரிசெய்து முடிக்கும்வரை பொறுங்கள், ஹிஸ்டரியில் பார்த்துத் திருத்துவது அதுவரை கைகொடுக்கும். 'டிராப் இன்' வசதி தேவையில்லாதவர்கள் அணைத்துவிடலாம். இருந்தால், நீங்கள் அனுமதித்தவர் அழைக்கும்போது யாரும் எடுக்காமலே இணைப்பு திறந்துகொள்ளும்.

*வேகமாகப் பேசுகிறது, அம்மாவுக்குப் புரியவில்லை:* 'அலெக்சா, ஸ்பீக் ஸ்லோவர்' என்று சொல்லுங்கள். போதவில்லையென்றால் இன்னொரு முறை.