'புட் அப்': ஓர் ஆங்கில வினையின் பழம்பொருளைத் தேடிப் பிடிக்கும் முறை

செங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் தாத்தா விட்டுச்சென்ற தாள்கட்டு ஒன்று இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் திருவிதாங்கூரையும், பின்னர் அது இணைந்த திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்ததால், அந்தக் கட்டில் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் கலந்தே கிடக்கும். தாத்தா கொல்லத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். கல்லூரியில் படித்த நாளில், அவர் கைப்பட எழுதிய குறிப்பு ஒன்றின் ஓரத்தில் மேலதிகாரி கிறுக்கியிருந்த 'புட் அப் வித் பிரீவியஸ் பேப்பர்ஸ்' என்னும் வரியை, 'முந்தைய தாள்களைப் பொறுத்துக்கொள்ளவும்' என்று மொழிபெயர்த்து அப்பாவிடம் காட்டினேன். அவர் சிரித்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. 'முந்தைய தாள்களோடு சேர்த்துச் சமர்ப்பிக்கவும்' என்பதுதான் அந்த உத்தரவு. பழைய ஆங்கிலத் தாள்களைப் படிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இத்தகைய வினைகளின் பொருளை எவ்வாறு தேடலாம் என்பதை, இந்த ஒரே வினையை வைத்துக்கொண்டு விளக்குகிறேன்.

வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் இவற்றை ஆங்கிலத்தில் 'ஃபிரேசல் வெர்ப்' என்பார்கள். 1925இல் தம் நூலில் இப்பெயரைப் பரப்பிய லோகன் பியர்சால் ஸ்மித், அதைத் தமக்குச் சொன்னவர் அகராதியியலாளர் ஹென்றி பிராட்லி என்று குறிப்பிட்டிருக்கிறார். பெயர் பரவும் முன்பே தொல்லை இருந்தது. 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வினைக்குப் பின் ஒரு சிறு சொல் ஒட்டிப் பொருளை மாற்றும் இவ்வழக்கே வேற்று மொழியாருக்கு மிகுந்த இடர் தருவது என்று எழுதினார். நமக்கு இது புதிதன்று. 'விடு', 'கொடு' இரண்டையும் தனித்தனியே அறிந்த ஒருவருக்கு 'விட்டுக்கொடு' என்பதன் பொருள் தானாக விளங்கிவிடாது.

முதலில் செய்ய வேண்டியது, வாக்கியத்தில் எந்தச் சொல் எதனோடு ஒட்டுகிறது என்று பிரிப்பது. நான் சறுக்கியது இங்கேதான். 'புட்', 'அப்' இரண்டுக்கும் நடுவே 'இட்' என்ற சொல்லை நுழைத்துப் பாருங்கள். 'புட் இட் அப் வித் பிரீவியஸ் பேப்பர்ஸ்' என்பது பொருள் தருகிறது. ஆகவே அங்கே 'வித்' தாள்களுக்கு உரியது, வினைக்கு உரியதன்று. 'சகித்துக்கொள்' என்னும் பொருளில் வரும் 'புட் அப் வித்' இந்த நுழைப்புக்கு இடம் தராது. அங்கே 'இட்' கடைசியில்தான் நிற்கும்.

அடுத்தது தேதி. எங்கள் பக்கத்துத் தாள்களில் பெரும்பாலும் மலையாள நாட்டு வழக்கான கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆவணியில் ஆண்டு பிறப்பதால், ஆவணி முதல் டிசம்பர் வரை உள்ள தேதிக்கு 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1118 என்று கண்டால் அது 1942–43. ஆண்டு தெரியாமல் பொருள் தேடுவது, அலைவதற்கே வழி.

ஆண்டு கையில் கிடைத்தபின், அந்தக் காலத்தில் அந்த வினை எவ்வாறு வழங்கியது என்று பார்க்க எனக்குத் தெரிந்த எளிய வழி, ஒரே வாக்கியத்தைப் பல காலத்து மொழிபெயர்ப்புகளில் ஒப்பிடுவது. அதற்கு விவிலியம் மிக வசதியானது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், யோவான் 18:11இல், இயேசு பேதுருவிடம் வாளை 'புட் அப்' செய்யச் சொல்கிறார். மேலே தூக்கு என்று அதைப் படித்தால் கதையே தலைகீழாகிவிடும். தமிழ் விவிலியம் 'உன் பட்டயத்தை உறையிலே போடு' என்று தெளிவாகச் சொல்கிறது. இக்கால ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அதே இடத்தில் 'புட் அவே' என்று வருவதைக் காணலாம். 'அப்' அந்த வேலையை விட்டுவிட்டது. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் முதற்காட்சியில் பென்வோலியோ சண்டையை விலக்கும்போது சொல்வதும் வாளை உறையில் இடும் இதே 'புட் அப்'தான்.

இணையத்தில் பழைய அச்சுநூல்களில் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கால அச்சில் சொல்லின் தொடக்கத்தில் 'யு' எழுத்துக்குப் பதிலாக 'வி' எழுத்தைக் கோத்தார்கள். ஆகவே 1611ஆம் ஆண்டுப் பதிப்பில் 'அப்' என்ற சொல் 'வி', 'பி' என்னும் இரண்டு எழுத்துகளாகவே நிற்கும். இன்றைய எழுத்தில் மட்டும் தேடினால், பழைய சான்றுகள் பலவும் தேடுபொறியின் கண்ணில் படாமலே போகும். வினைக்கும் 'அப்'புக்கும் நடுவே வேறு சொல் புகுந்த வாக்கியங்களும் அவ்வாறே தப்பும். அச்சுநூல்களில் ஒரு சொல் எந்த ஆண்டில் எவ்வளவு வந்தது என்று காட்டும் கூகுள் என்கிராம் வரைபடத்தை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இவையே காரணம்.

சான்றுகள் சேர்ந்தபின், அவற்றைக் கால வரிசையில் அடுக்கி, ஒரு பொருளிலிருந்து இன்னொன்று எவ்வாறு கிளைத்தது என்று கேளுங்கள். இந்த வினையின் சுவையான பகுதி இதுதான். ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தில், எட்மண்ட் ஒரு கடிதத்தை அவசரமாக ஒளிப்பதைக் கண்ட தந்தை, ஏன் அதைப் 'புட் அப்' செய்கிறாய் என்று கேட்கிறார். இங்கே அது உள்ளே செருகுவது. 'ஒத்தெல்லோ'வில் ரோடரிகோ, தான் பட்டதை அமைதியாகப் 'புட் அப்' செய்ய இன்னும் மனம் ஒப்பவில்லை என்கிறான். இங்கே அது சகிப்பது, அதுவும் 'வித்' இல்லாமலே. 'ஜான் அரசன்' நாடகத்தில் ஒருவன், இழைக்கப்பட்ட அநீதிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டியிருப்பதாகச் சொல்கிறான். மூன்றையும் சேர்த்துப் படித்தால், உறையில் போடுவதும் பையில் போடுவதும் மனத்துக்குள் போட்டுக்கொள்வதும் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன. 'அவன் சொன்னதை உள்ளுக்குள்ளேயே போட்டு வைத்துக்கொண்டேன்' என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? 'வித்' பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

தங்குவது என்னும் பொருள் வேறு கிளை. குதிரையை லாயத்தில் கட்டுவது 'புட் அப்'. குதிரையோடு வந்தவர் விடுதியில் தங்குவதும் அதுவே. இந்தியாவில் இன்றும் 'வேர் ஆர் யூ புட் அப்' என்று கேட்பவர்கள் உண்டு. அதே கேள்வியைப் பழைய தமிழர் 'எங்கே இறங்கியிருக்கிறீர்கள்?' என்று கேட்பார்கள். ஆங்கிலேயர் மேலே ஏற, நாம் கீழே இறங்குகிறோம். மலையிறங்கி, கேரளப் பக்கத்து ஆரியங்காவுக்கு அப்பால் சென்றால் இன்னொரு வியப்பு: மலையாளத்தில் 'பொறுக்குக' என்னும் ஒரே வினை, வாழ்வதற்கும் சகிப்பதற்கும் மன்னிப்பதற்கும் வரும். ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் தொடர்பு உண்டென்று இதற்குப் பொருளன்று. தங்குவதும் தாங்குவதும் அருகருகே நிற்பது மனித வழக்கு போலும்.

தொழிலும் இடமும் மாறும்போது பொருளும் மாறும். அமெரிக்கச் சமையலறையில் 'புட் அப்' என்றால் பழத்தையும் காயையும் புட்டியில் பதப்படுத்தி அடைப்பது. வேட்டைக்காரருக்குப் புதரிலிருந்து பறவையைக் கிளப்புவது. ஏலக்காரருக்கு விற்பனைக்கு வைப்பது. எனவே எழுதியவர் யார், எங்கிருந்து எழுதினார் என்பதைத் தேதியோடு சேர்த்தே குறிக்க வேண்டும். நம் அலுவலகங்களில் 'ஃபைலைப் புட் அப் பண்ணியாச்சா?' என்று கேட்பது, கீழிருப்பவர் மேலிருப்பவரின் உத்தரவுக்காகக் கோப்பை அனுப்பும் படிநிலையை அப்படியே காட்டுவது. இங்கே 'அப்' உண்மையாகவே மேல்நோக்கிச் செல்கிறது.

ஒவ்வொரு சான்றுக்கும் ஓர் அட்டை வைத்துக்கொள்ளுங்கள்: முழு வாக்கியம், ஆண்டு, இடம், எழுதியவரின் தொழில், பொருந்தும் தமிழ்ச்சொல். துண்டாக எடுத்த வாக்கியம் பின்னாளில் உதவாது. என் முதல் அட்டையில் தாத்தாவின் அந்தக் குறிப்பும் ஓரத்து வரியும் இருக்கின்றன. 'பொறுத்துக்கொள்ளவும்' என்று நான் எழுதியதை அடித்திருக்கிறேன், ஆனால் படிக்கும்படியாகவே அடித்திருக்கிறேன்.