திருகோணமலையில் மறைந்து வாழும் ஃபேரிகள்: இளையோருக்கான இருண்ட புனைவை எழுதும் முறை

மனிதருக்குள் மனிதராக ஃபேரிகள் என்னும் மாயக் குலத்தவர் மறைந்து வாழும் நகர்ப்புற மாயப் புனைவை எழுத முனைவோர், ஃபேரிகளின் அழகையும் ஆற்றலையும் பற்றிச் சிந்திப்பதற்கு முன், அவர்களால் எதைச் செய்ய முடியாது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். அயர்லாந்து, ஸ்கொட்லாந்து நாட்டார் கதைகளில் இரும்பு அவர்களைத் தடுக்கும். அவர்கள் தரும் உணவை உண்டவர் மீள்வது அரிது. தூக்கிச் சென்ற குழந்தைக்குப் பதிலாகத் தம்மில் ஒன்றைத் தொட்டிலில் விட்டுச் செல்வார்கள். நேரடியாகப் பொய் சொல்ல இயலாமை இன்றைய புனைவுகளில் பரவலாகக் காணப்படும் விதி. இவற்றுள் இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்துகொண்டு, கதை முடியும்வரை தளர்த்தாமல் வைத்திருங்கள்.

இரும்பு நமக்கும் அந்நியமன்று. இரவில் இறைச்சி கொண்டு செல்வோர் அதனுடன் கரித்துண்டோ இரும்பாணியோ வைக்கும் வழக்கம் தமிழரிடம் உண்டு. ஆகவே திருகோணமலையின் வரைபடத்தை எடுத்து, இரும்பு எங்கெங்கே இருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். துறைமுகம், புகையிரத நிலையம், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய சீனன்குடாவில் உள்ள பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் ஆகிய யாவும் அவர்கள் நெருங்க முடியாத இடங்களாகிவிடும். ஆட்டோவில் ஏறாமல் உப்புவெளியிலிருந்து நடந்தே ரியூசனுக்கு வரும் ஒரு மாணவி, பைபர் கிளாஸ் படகில் மட்டும் தொழிலுக்குப் போகும் ஒரு மீனவர் என்று பாத்திரங்கள் அந்த விதியிலிருந்தே பிறப்பார்கள்.

அடுத்த சிக்கல் காகிதம். பிறப்புச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் இல்லாமல் ஒருவர் இங்கே வாழ்வது எப்படி? 2004 சுனாமியிலும் 2006 போர்க்கால இடப்பெயர்விலும் ஆவணங்களை இழந்த குடும்பங்கள் இம்மாவட்டத்தில் உண்டு. மறைந்து வாழ்பவர் அந்தக் கூட்டத்தோடு வந்து பதிந்திருக்கலாம். ஆனால் இடம்பெயர்ந்தோர் எல்லோரும் ஐயத்துக்குரியவர் என்ற எண்ணம் வாசகரிடம் எழுந்துவிடக் கூடாது. அதனால் கதாநாயகியின் குடும்பத்தையே மூதூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்ததாக அமைப்பது நல்லது.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை மாய உலகின் வாசலாக்கும் ஆசை எவருக்கும் வரும். அது மிக எளிதான வழி. பிரெட்ரிக் கோட்டையிலிருந்து நகர வீதிகளுக்கு வந்து சாவகாசமாகத் திரியும் புள்ளிமான்கள் அதைவிடப் பயன்படும். எவரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதே மறைவுக்குப் போதுமானது.

பொய் சொல்ல முடியாதவரின் உரையாடலை எழுதுவதுதான் கடினமான பகுதி. நம்மூரில் முதல் கேள்வியே குலம், குடும்பம் பற்றியது. "பிள்ளை, நீர் ஆற்ற மகள்?" என்று அம்மம்மா கேட்டால், "அம்மா கடற்கரைப் பக்கம்தான், அம்மம்மா. அப்பா இல்லை," என்று அந்த ரியூசன் மாணவி சொல்லட்டும். இரண்டும் உண்மை. அப்பா ஒருபோதும் இருந்ததில்லை என்பதை அறியாத அம்மம்மா, போரில் இறந்திருப்பார் என்று நினைத்து மேலே கேட்காமல் விடுவார். இந்தப் பதிலை இரண்டாம் அத்தியாயத்திலேயே வைத்துவிட்டு, அதன் மறுபொருளை நெடுநேரம் கழித்துத் திறக்கலாம்.

குழந்தையைத் தூக்கிச் செல்லும் கதைக்கூறை இங்கே மிகுந்த கவனத்துடன் கையாள வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் இன்றும் வாழும் மாவட்டத்தில், அந்த இழப்புகளுக்கு மாயக் குலத்தைக் காரணமாக்கினால், மனிதர் செய்த குற்றம் கதைக்குள் மன்னிக்கப்பட்டுவிடும். எனவே கதையை இன்றைய ஆண்டிலேயே நிகழச் செய்து, கடத்தப்படுவது கதாநாயகியின் தம்பி என்று கொள்ளுங்கள். அவனிடத்தில் வந்தது அவன் முகத்தோடு வீட்டில் சோறு உண்கிறது; அம்மாவும் அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறார். தம்பியை மீட்க அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் அது அங்கே கொல்லப்படும் என்ற நிபந்தனையை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் அக்காவிடம் மட்டும் சொல்லுங்கள். பெரியவர் எவரும் வந்து அந்தத் தெரிவை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள விடாதீர்கள்.