அடுக்குமாடி வீட்டில் அரிய அத்தி இனங்கள்

ஆலும் அரசும் அத்தியும் சிங்கப்பூரில் வாழும் நமக்குப் புதியவை அல்ல. ஆனால் அவை அடங்கிய ‘ஃபைக்கஸ்’ பேரினத்தில் சுமார் 800 இனங்கள் இருப்பதும், அவற்றுள் சில வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பால்கனியிலேயே செழித்து வளரும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு செடியை வாங்குமுன், அது இயற்கையில் மரக்கிளையில் வேர்விடுகிறதா, அடிமரத்தைப் பற்றி ஏறுகிறதா, பாறை இடுக்கில் வாழ்கிறதா என்பதை விசாரித்து அறிய வேண்டும். நம் ஊரின் ஈரக்காற்றில் இச்செடிகள் நீர் இல்லாமல் வாடுவதைவிட, கெட்டியான மண்ணில் வேர் மூச்சுத் திணறி அழுகுவதே அதிகம்.

புதிதாகத் தொடங்குவோருக்கு மலாய் மக்கள் ‘மாஸ் சோத்தெக்’ என்றழைக்கும் ஃபைக்கஸ் டெல்டாய்டியாவையே பரிந்துரைப்பேன். காட்டில் பெரும்பாலும் பிற மரங்களின் கிளைகளில் தொற்றி வளரும் இச்செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தால், நரம்பு பிரியும் கவட்டில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். அவை நோயல்ல, இந்த இனத்துக்கே உரிய சுரப்பிகள். நாற்றங்கால்களில் விற்கப்படும் சுட்ட மண் இரண்டு பங்கு, பியூமிஸ் எனும் நுரைக்கல் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு என்று கலந்து, அடியில் நிறையத் துளைகள் உள்ள தொட்டியில் நட்டு, காலை வெயில் படும் இடத்தில் வைக்கலாம். மேல்மண் காய்ந்த பிறகு, துளை வழியே வழியும்வரை நீர் ஊற்றி, தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிட வேண்டும். டெங்கிக் கொசு முட்டையிட அந்தச் சிறிதளவு நீரே போதும். இளஞ்செடியிலேயே மஞ்சளும் சிவப்புமாகக் குட்டிக் காய்கள் பிடிக்கும். அத்தி இனங்களுக்கு மகரந்தம் சேர்ப்பவை அவற்றுக்கே உரிய சிறு குளவிகள் என்பதால், வீட்டுச் செடியின் காயில் முளைக்கும் விதையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஃபைக்கஸ் வில்லோசா சிங்கப்பூர்க் காடுகளிலும் இயல்பாக வளரும் கொடி. இளமையில் அதன் இதய வடிவ இலைகள், ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடிமரத்தோடு ஒட்டிப் படர்கின்றன. இலை விளிம்பில் பொன்னிற மயிர்கள் வரிசையாக நிற்பதை உருப்பெருக்காடி இல்லாமலே காணலாம். சொரசொரப்பான பலகையில் ஸ்பேக்னம் பாசியை மெல்லியதாகக் கட்டி, தண்டின் கணுக்கள் அதில் படுமாறு வைத்து, மூடிய கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது நல்லது, ஏனெனில் மின்விசிறிக் காற்றில் இளவேர்கள் விரைவில் காய்ந்துவிடும். இக்கொடியை இயற்கை வனப்பகுதிகளிலிருந்து பறித்து வருவது சட்டப்படி குற்றம். வளர்ப்போரிடமிருந்து துண்டு வாங்குவதே முறை.

இலையின் அடிப்பகுதி விளிம்புகள் இணைந்து கிண்ணமாக அமைந்திருக்கும் கிருஷ்ண ஆல், நம்மவர் பலர் விரும்பித் தேடும் செடி. கண்ணன் வெண்ணெயை ஒளித்து வைத்த இலை என்ற கதையும் அதற்கு உண்டு. இதை விண்பதியன் மூலம், அதாவது கிளையை வெட்டுமுன் மரத்திலேயே வேர்விடச் செய்து, பெருக்குவதே நம்பகமானது. பென்சில் பருமனுள்ள கிளையில் சுமார் 2 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் உரித்து, வடியும் பாலை ஈரத்துணியால் துடைத்து, பச்சைப் படலம் எஞ்சாமல் சுரண்டிவிட வேண்டும்; படலம் சிறிது எஞ்சினாலும் காயம் மூடிக்கொண்டு வேர் வராது. பிழிந்தெடுத்த ஈரப்பாசியால் அவ்விடத்தை மூடி, பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டி, தாள் வழியே வேர்கள் நன்கு தெரிந்த பின்னரே வெட்டி நட வேண்டும். அத்திப்பால் தோலையும் கண்ணையும் உறுத்தும் என்பதால் கையுறை அவசியம். லேட்டெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விடுவதே மேல்.

மெக்சிகோவின் பாறைகளில் வளரும், சிவந்த நரம்புகளுள்ள ஃபைக்கஸ் பெட்டியோலாரிசுக்குப் பாதிக்கு மேல் பியூமிஸ் கலந்த மண்ணும் மழை படாத வெயிலும் தேவை. நியூகினி மலைகளின் ஃபைக்கஸ் டம்மராப்சிஸ், தட்டளவு பெரிய மடிப்பிலைகளால் மனத்தைக் கவர்ந்தாலும், குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய அதை நம் வெப்பத்தில் வருத்தாமல் விட்டுவிடலாம்.

நடைவழியில் தொட்டி வைப்போர், 1.2 மீட்டர் அகலப் பாதை தடையின்றி இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். சில இனங்களின் இலை மேற்புறத்தில் வரிசையாகத் தோன்றும் வெண்புள்ளிகள், இலைத்துளைகள் வழியே கசிந்த நீர் உலர்ந்து விட்டுச்சென்ற உப்பு, மருந்து வேண்டியதில்லை. நரம்போரம் பிசுபிசுப்பும், நகத்தால் நெருடினால் பெயரும் பழுப்புச் செதில்களும் இருந்தால் அது செதில்பூச்சி: ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புத் திரவமும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்து, வாரம் ஒருமுறை பூச்சி ஒழியும்வரை தொடர வேண்டும்.