சங்கத்துட அக்கவுண்ட்ல காசு இருக்கு, சங்கம் நல்லா இருக்கா? பாக்கிற வழி

மாதர் சங்கம் நடத்துற மா ஆலை, மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து செய்ற தையல் கடை, மருதமுனை காத்தான்குடிப் பக்கம் கைத்தறி போட்டிருக்கிற குழு, இப்பிடி சனத்துக்கு உதவோணும் எண்டு தொடங்கி வியாபாரமும் செய்ற ஆக்களுக்காகத்தான் இத எழுதுறன். வருசக் கடைசியில கூட்டம் வச்சு பேங்க் புக்கத் திறந்து எட்டு லட்சம் இருக்கு எண்டு வாசிப்பாங்க, எல்லாருக்கும் சந்தோசம், அதுல ஆறு லட்சம் டோனர், அதாவது உதவி தாற நிறுவனம், ஒரு வேலைக்கெண்டு தந்த காசு, அந்த வேலைக்குத்தான் செலவழிக்கலாம் எண்டத ஆரும் கேக்கிறல்ல. மிச்சம் ரெண்டு லட்சம்தான் சங்கத்துட சொந்தக் காசு. சங்கம் தன்ட கால்ல நிக்குதா எண்டு பாக்கிறது அந்த ரெண்டு லட்சத்த வச்சுத்தான்.

அதால முதல் வேலை, புரொஜெக்ட் காசையும் வியாபாரக் காசையும் பிரிச்சிருங்க. ரெண்டு அக்கவுண்ட் ஏலுமெண்டா நல்லம், ஏலாட்டி கொப்பியில ரெண்டு நிரலாவது போடுங்க. மறுகா சொந்தக் காசுல இருந்து நீங்க குடுக்க வேண்டிய கடனைக் கழியுங்க. ஆலைக்காரருக்கு 70,000 குடுக்கக் கிடந்தா மிச்சம் 130,000. இத மாசச் செலவால பிரிங்க, வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் மாசம் 85,000 எண்டா ஒண்டரை மாசம். வருமானம் நிண்டா சங்கம் ஒண்டரை மாசம்தான் தாங்கும் எண்டு அர்த்தம். 2025 ஜனவரில அமெரிக்கா வெளிநாட்டு உதவிய நிப்பாட்டினத எல்லாரும் பாத்தம், அப்பிடி ஒரு நாள் வந்தா எத்தின மாசம் எண்டது கைவசம் இருக்கிற நம்பரா இருக்கோணும். மூணு மாசமாவது வேணும், ஆறு மாசம் எண்டா நிம்மதி.

இனி முக்கியமான இடத்துக்கு வாறன், விலை. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ரெண்டு பொம்பளயள் வேலை செய்ற ஒரு அரிசிமா யூனிட் எண்டு வைப்பம். ஒரு பக்கெட் கடைக்கு 200 ரூபாய்க்குப் போகுது. அரிசி, பக்கெட், லேபிள், அரைக்கிற கரண்ட் எல்லாம் 140, மிச்சம் 60. இப்ப மாசச் செலவு, வாடகை 12,000, சம்பளம் ஆளுக்கு 30,000 படி 60,000, முதலாளி பக்கத்தால கட்ட வேண்டிய ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதமும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் சேர்த்து 9,000, லைட் போன் 4,000, அதுதான் அந்த 85,000. இதோட மெசினுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்க, மூணு லட்சத்து மெசின் அஞ்சு வருசம் உழைக்கும் எண்டா மாசம் 5,000. டோனர் சும்மா தந்த மெசின்தானே எண்டு இத விடுறாங்க, ஆனா அது பழுதாகிற நாள்ல இன்னொரு மெசின் ஆரு தருவா? மொத்தம் 90,000. 60 ஆல பிரிச்சா 1,500 பக்கெட். மாசம் 1,500 வித்தாத்தான் நட்டமுமில்ல லாபமுமில்ல.

கடைக்காரர் பத்து ரூபா குறைங்க எண்டு கேட்டா நாங்க உடன ஓம் எண்டுவம். குறைச்சா மிச்சம் 50, இப்ப 1,800 விக்கோணும், பத்து ரூபாய்க்கு முந்நூறு பக்கெட் கூட அரைக்கோணும். இந்தக் கணக்க ஒரு மட்டைல எழுதி சுவர்ல ஒட்டி வைங்க, விலை பேசப் போற ஆளுக்கு அது மனப்பாடமா இருக்கோணும். வற் வரிக்குப் பதியாத சின்ன நிறுவனமெண்டா நீங்க வாங்குற சாமான்ல ஏறி வாற 18 வீதமும் உங்கட செலவுதான், திருப்பி எடுக்கேலாது, அதையும் அந்த 140க்குள்ள போடுங்க.

கொப்பியில வராத செலவுகள்தான் எனக்கு ஆகக் கவலையான விசயம். செயலாளர் ரெண்டு வருசமா சம்பளமில்லாம கணக்கு எழுதுறா, தலைவி அவட நகைய அடகு வச்சு நூல் வாங்கித் தாறா, ஆராவது ஒராள் வீட்டு முன்பகுதிய சும்மா தந்திருக்கா. இதெல்லாம் பெரிய மனசு, ஆனா எழுதாட்டி வியாபாரம் லாபம் எண்டு பொய்யாக் காட்டும், அந்த மனிசி களைச்சுப்போய் விலகுற நாள்ல எல்லாம் நிண்டுரும். நகைக் கடன எழுத்துல போட்டு, எவ்வளவு, எப்ப திருப்பி எண்டு கூட்டத்துல பதியுங்க, இல்லாட்டி நட்டம் அந்தக் குடும்பத்துட தலையில. சமூக நோக்கத்துக்கான செலவையும் அப்பிடியே தனி வரியாக் காட்டுங்க, சந்தையில 100 ரூபாக்குக் கிடைக்கிறத விதவைப் பெண்ணிட்ட 115க்கு வாங்குறம் எண்டா அந்த 15 நோக்கத்துக்கான செலவு. டோனரிட்ட அந்தப் 15க்குக் கேக்கலாம், நியாயம் இருக்கு. விலை பிழையா வச்சதால வாற நட்டத்த நிரப்பக் கேக்காதீங்க.

எங்கட கிழக்குப் பக்கத்துக்கு மழையும் ஒரு கணக்கு. நவம்பரிலருந்து ஜனவரி வரைக்கும் அரிசி, மிளகா ஒண்டும் காயாது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைப் பாதையள்ல வெள்ளம் ஏறிச்செண்டா சாமான் வெளியில போகாது. மறுகா பெப்ரவரி மார்ச்சில பெரும்போக அறுவடை, நெல்லு மலிவா வாற நேரம், ஆனா மழைக்குள்ள காசெல்லாம் கரைஞ்சிருக்கும், வாங்க வழியில்ல. ஒக்டோபர் முடியிறதுக்குள்ள மழை மாசச் செலவையும் நெல்லுக் காசையும் ஒதுக்கி வச்சவங்க மட்டும்தான் மலிவுல வாங்குறாங்க. கைத்தறிக்காரருக்கு இது வேற மாதிரி, நூலும் சாயமும் டொலரோட போகுது, 2022ல டொலர் 200 ரூபாச் சொச்சத்திலருந்து 360 மட்டும் ஏறினப்ப பழைய விலைக்கு ஓடர் எடுத்தவங்க ஒவ்வொரு சாரத்துலயும் (லுங்கி) நட்டப்பட்டாங்க. பெருநாள் ஓடர் எடுக்கக்குள்ளயே நூலுக்கு அட்வான்ஸ் கேளுங்க, விலை எத்தின நாளைக்குச் செல்லும் எண்டு பில்லுல எழுதுங்க. கொழும்புக் கடையள் அறுபது நாள் கடன் கேட்டா, அந்த அறுபது நாளும் தறியில இருக்கிற ஆக்களுக்குக் கூலி எங்கால எண்டு பாத்திட்டு ஓம் சொல்லுங்க.

லோன் எடுக்கிறது பிழை இல்ல, கட்டுற நாள்தான் பிரச்சின. கிழமைக்குக் கிழமை கட்டுற லோன எடுத்து போகத்துக்கு ஒருக்கா காசு வாற வேலையில போட்டா இன்னொரு லோன் எடுத்துத்தான் கட்ட வரும், எங்கட ஊர்ப் பொம்பளயள் எத்தின பேர் இதுல மாட்டி இருக்காங்க. தவணை உங்கட காசு வாற மாசத்தோட ஒத்துவரோணும், ஒத்துவராட்டி வட்டி குறைவெண்டாலும் வேணாம்.

ஒவ்வொரு மாசமும் கூட்டத்துல நாலு நம்பர் வாசிங்க: சொந்தக் காசு எத்தின மாசத்துக்கு, இந்த மாசம் எத்தின பக்கெட் இல்லாட்டி எத்தின சாரம் வித்தம், வெளியில இருந்து எங்களுக்கு வர வேண்டிய காசு எவ்வளவு, மொத்த வருமானத்துல டோனர் பங்கு எத்தின வீதம். கடைசி நம்பர் வருசா வருசம் குறையுதா எண்டு பாருங்க, அப்பிடியே நிண்டா விலையையும் செலவையும் திரும்ப எடுத்துப் பாருங்க. செக்குக்கு ரெண்டு கையெழுத்து, காசு எடுக்கிற ஆளும் கணக்கு எழுதுற ஆளும் வேற வேற. வரி வருசம் மார்ச் 31ல முடியுது, அண்டைக்கு ஸ்டொக்க எண்ணி எழுதிருங்க, சித்திரை வருச வியாபாரம் தொடங்கினா மறுகா எண்ண ஏலாது.