மாற்றுத்திறனாளிக் குழந்தை வளரும் வீட்டில் உணவு போதாதபோது செய்ய வேண்டியவை

மாற்றுத்திறனாளிக் குழந்தை வளரும் வீட்டில் உணவு போதவில்லை என்பது அக்குழந்தையின் தட்டைப் பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. குழந்தைக்கு ஊட்டி முடித்தபின் கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அரைத்த உணவை வழித்துத் தின்று, அதையே தன் மதியச் சாப்பாடாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் தாயிடம்தான் அது முதலில் தெரியும். ஆகவே வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பற்றித் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்: பணம் இல்லாததால் கடந்த மாதத்தில் யாராவது ஒரு வேளையைத் தவிர்த்தார்களா, பசித்தும் சாப்பிடாமல் இருந்தார்களா, சாப்பாடு தீர்ந்துவிடுமே என்று கவலைப்பட்டார்களா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும் உதவி கேட்க அது போதிய காரணம்.

அடுத்து, ஒரு வாரத்துக்குரிய உணவுப் பட்டியலை எழுதி, அதில் எவ்வகையிலும் மாற்ற முடியாதவற்றைத் தனியே பிரியுங்கள். குழாய்வழி செலுத்தும் உணவு, புரையேறாமல் இருக்கத் திரவத்தில் கலக்கும் கெட்டிப்படுத்தும் மாவு, வலிப்பைக் கட்டுப்படுத்த மருத்துவர் வகுத்த கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஆட்டிசம் உள்ள குழந்தை ஏற்றுக்கொள்ளும் இரண்டு மூன்று உணவுகளையும் இவற்றோடு சேர்த்தே எழுதுங்கள். பசித்தால் தானாகச் சாப்பிடுவான் என்று உறவினர்கள் சொல்வது இக்குழந்தைகளில் பலருக்குப் பொருந்தாது. பழகாத உணவைத் தொடுவதைவிடப் பட்டினி கிடப்பதே அவர்களில் சிலருக்கு எளிதாக இருக்கிறது, அதை அடம் என்று சொல்வது நியாயமன்று. இவ்வாறு மிகச் சில உணவுகளை மட்டுமே உண்ட குழந்தைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி நோய் வந்ததுண்டு என்பதால், பட்டியலை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். கையிலிருக்கும் பணத்தில் முதற்பங்கு இந்தப் பட்டியலுக்கே போக வேண்டும். மற்ற உணவுகளை எங்கிருந்து, எவ்வடிவில் கிடைத்தாலும் பெற்றுக்கொள்ளலாம்.

பால்பவுடரையோ குழாய் உணவையோ கூடுதல் நீர் கலந்து நீட்டிக்க ஒருபோதும் முயல வேண்டாம் என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். டப்பாவின் அடி தெரியத் தொடங்கும்போது, நான்கு கரண்டி போட வேண்டிய இடத்தில் மூன்று போடும் எண்ணம் எந்தத் தாய்க்கும் வரக்கூடியதே. ஆனால் அப்படிச் செய்தால் சத்துக் குறைவதோடு, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரும் ஆபத்தும் உண்டு. கடைசிக் கரண்டி வரை காத்திராமல், ஒரு வாரத்துக்குரிய அளவு மீதம் இருக்கும்போதே மருத்துவமனையின் உணவியல் நிபுணரை அழைத்து, இது தீர்ந்தால் வேறு எதைத் தரலாம் என்று கேளுங்கள். வீட்டில் சமைத்ததை அரைத்துக் குழாய்வழி கொடுப்பதையும் அவருடைய வழிகாட்டுதல் இன்றித் தொடங்கக் கூடாது; குழாய் அடைபடலாம், கிருமித் தொற்று ஏற்படலாம், சத்துக் கணக்கும் தவறிப்போகலாம். பணத்துக்காக வலிப்பு மாத்திரையின் அளவைக் குறைப்பதும் இதே அளவு ஆபத்தானது.

குழந்தையின் எடையை மாதந்தோறும் ஒரே தராசில் பார்த்துத் தேதியுடன் குறித்து வையுங்கள். நிற்க இயலாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் தராசில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளலாம். உயரத்துக்கு மாற்றாக முழங்கால் முதல் குதிகால் வரை அளந்து கணிக்கும் முறையை மருத்துவர் அறிவார். இந்தக் குறிப்பு ஏன் முக்கியம் என்றால், இத்தகைய குழந்தை மெலிந்திருப்பதைக் குறைபாட்டின் இயல்பு என்றே பலர் கருதிவிடுகிறார்கள். யுனிசெஃப் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மற்றக் குழந்தைகளைவிட மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் உடல் மெலிந்திருக்கும் வாய்ப்பு 25 விழுக்காடும், வளர்ச்சி குன்றியிருக்கும் வாய்ப்பு 34 விழுக்காடும் அதிகம். ஒரு வேளை ஊட்ட வழக்கமாக 30 நிமிடத்துக்கு மேல் ஆனாலோ, ஊட்டும்போது இருமல் வந்தாலோ, நெஞ்சுச் சளி அடிக்கடி கட்டினாலோ விழுங்கும் திறனைச் சோதிக்கக் கேளுங்கள். உணவு கிடைத்தும் உள்ளே போகாத நிலையும் பட்டினிதான்.

உதவி கேட்கும்போது ‘கஷ்டமாக இருக்கிறது’ என்று பொதுவாகச் சொன்னால், அது பெரும்பாலும் ஆறுதல் வார்த்தையோடு முடிந்துவிடும். ‘இந்த மாதத்தின் கடைசி வாரத்துக்கு எங்களிடம் உணவு இருக்காது, குழந்தையின் உணவை மாற்ற முடியாது, யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். மருத்துவரிடம் கடிதம் கேட்டால், நோயின் பெயரோடு நிற்காமல், என்ன உணவு, ஒரு நாளைக்கு எவ்வளவு, ஏன் மாற்ற முடியாது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். உணவின் பதத்தை 0 முதல் 7 வரை எண்களால் குறிக்கும் ஐ.டி.டி.எஸ்.ஐ. (IDDSI) என்ற சர்வதேச அளவுமுறை ஒன்று இருக்கிறது. அதில் மசித்துக் கூழாக்கிய உணவு நான்காம் நிலை. அந்த எண்ணையும் அதன் பொருளையும் கடிதத்தில் சேர்த்தால், உணவு வழங்கும் நிறுவனத்தாரும் பள்ளிச் சமையலறையினரும் புரிந்துகொள்வது எளிதாகும். உதவி கேட்டால் பிள்ளையைக் கவனிக்கத் தெரியாதவர் என்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் பல பெற்றோருக்கு உண்டு. எடைக் குறிப்பும் உணவுப் பட்டியலும் கையில் இருந்தால் நீங்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறீர்கள் என்பது அவற்றிலேயே தெரியும். ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்துக்கும் போதிய உணவு உரிமை என்கிறது. குடும்பம் என்ற சொல் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது.

உடன்பிறந்த பிள்ளைகளிடம் ‘வயிறு நிறைந்ததா?’ என்று தனியே கேளுங்கள். அம்மா படும் பாட்டைப் பார்த்து, பசியில்லை என்று சொல்லப் பழகிவிடும் பிள்ளைகள் உண்டு. உங்கள் சாப்பாட்டையும் வாரப் பட்டியலில் ஒரு வரியாக எழுதுங்கள். குழந்தைக்கு ஊட்ட உட்காருவதற்கு முன்பே உங்கள் பங்கைத் தனித் தட்டில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள்.