விண்டோஸ் 10-இல் லதா எழுத்துரு எங்கே போனது?

விண்டோஸ் 7-இல் லதா எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பை விண்டோஸ் 10-இலோ 11-இலோ திறந்தால் எழுத்து வேறு மாதிரி தெரிகிறதா, பக்கங்களும் தள்ளிப் போகின்றனவா? கோப்பு கெடவில்லை. லதாவும், விஜயா என்ற இன்னொரு தமிழ் எழுத்துருவும் இப்போது எல்லாக் கணினியிலும் கூடவே வருவதில்லை, அதனால் வேர்டு நிர்மலா யுஐ போன்ற வேறொரு எழுத்துருவைப் போட்டுக் காட்டுகிறது. தமிழை விண்டோஸின் மொழிப் பட்டியலில் சேர்த்திருந்தால் தானாகவே வந்திருக்கும்.

சரி, செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்று தேடி, அங்கே ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்’ என்பதைச் சேருங்கள் (இணைய இணைப்பு வேண்டும்), அப்புறம் வேர்டை மூடித் திறங்கள். அடுத்தவருக்கு அனுப்புவதென்றால் பிடிஎஃப்தான் நிம்மதி.

பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில் அடித்த கோப்பு ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் இது உதவாது. பாமினியையே நிறுவுங்கள், இல்லை யூனிகோடுக்கு (இப்போது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) மாற்றிவிடுங்கள், என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.